படலையடியில் எடுத்த பொங்கற் படங்கள்

மேற்கு நாடுகளின் விலங்குக் காப்பகங்கள் நத்தார் காலத்தில் நிதி சேர்ப்பதற்குக் கையாளுகின்ற வழிகளில் ஒன்று, நத்தார் தாத்தா வேடமிட்ட ஒருவரின் பக்கத்தில் நாயை இருத்திப் படமெடுத்துக் கொடுப்பது. கடைத்தொகுதியின் ஒரு மூலையில் சோடித்த மரம், ஒரு கதிரை, ஒரு கமெரா, தத்தம் நாய்களோடு வரிசையில் நிற்கும் குடும்பங்கள் என்று அது நடக்கும். படத்துக்குக் கொடுக்கும் காசு காப்பகத்துக்குப் போய்ச் சேரும். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் அப்படியான படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பி, இங்கேயும் ஒன்றைச் செய்தால் தெருநாய்களின் கருத்தடைச் செலவுக்கு உதவுமே என்று கேட்டதிலிருந்துதான் எங்கள் சனசமூக நிலையத்தில் இந்தக் கதை தொடங்கியது. யோசனை நல்லதுதான். ஆனால், அதை அப்படியே கொண்டுவந்து இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் செய்தால் நாய்ச்சண்டையில் தொடங்கி வைத்தியசாலையில் முடியும் என்பதே என் முதல் எண்ணமாக இருந்தது. பொங்கலை ஒட்டி அதை ஒருவாறு நடத்தி முடித்த பின்னரும் அந்த எண்ணம் மாறவில்லை. நாங்கள் மாற்றியது நடத்தும் விதத்தைத்தான்.

வன்னி நாய் கட்டி வளர்க்கப்படுகின்ற நாய் அல்ல. அது வளவுக்குக் காவல். வயலுக்குப் போகிறவருக்குத் துணை. இரவில் காட்டுப்பன்றியும் யானையும் வரும்போது முதலில் அறிவிப்பது அதுதான். கழுத்தில் ஒரு பட்டி இருந்தால் அதிகம், சங்கிலி பெரும்பாலும் இருப்பதில்லை. அப்படிப்பட்ட நாயை நைலோன் கயிற்றில் சுருக்குப் போட்டு, தன் வாழ்நாளில் ஒருநாளும் போயிராத ஓர் இடத்துக்கு இழுத்துச் சென்று, முன்பின் அறியாத வேறு நாய்களின் நடுவே இருத்தினால் அது பயப்படும். பயந்த நாய் ஓடப் பார்க்கும். கயிறு இருப்பதால் ஓட முடியாது என்று கண்டதும் கடிக்கும். மேற்கு நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டல்கள் எல்லாம், நாய்க்குக் கயிற்றில் நடக்கத் தெரியும் என்ற எடுகோளிலிருந்து தொடங்குகின்றன. அந்த எடுகோளை நீக்கிவிட்டால் மீதித் திட்டம் முழுவதையும் புதிதாக யோசிக்க வேண்டும்.

முதலில் நாள். நத்தாருக்குச் செய்யலாம் என்று மடுமாதாவின் பக்தர்களான எங்கள் அயலவர்கள் விரும்பினார்கள், ஆனால் டிசெம்பர் எங்களுக்கு வாடைக்காற்று மழையின் மாதம். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் கடைசியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைக் கண்டவர்கள் அந்தக் கிழமைகளில் வெளியிடத்தில் எதையும் திட்டமிட மாட்டார்கள். தைப்பொங்கல் அதைவிட மேல்: மழை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத காலம். பட்டிப்பொங்கல் அன்று மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை போடும்போது, பக்கத்தில் வாலாட்டிக்கொண்டு நிற்கும் நாய்க்கும் ஒரு படம் என்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஆனால் பொங்கல் நாளிலோ பட்டிப்பொங்கல் நாளிலோ அதை வைக்கக் கூடாது என்று நான் விடாப்பிடியாக நின்றேன். காரணம் வெடி. சூரியன் எழும்பும்போது சீனவெடி கொளுத்தாத பொங்கல் எங்கள் பக்கத்தில் இல்லை. மனிதக் காதுக்கு எட்டும் ஒலி ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் அளவோடு நின்றுவிட, நாய்க்கு 45,000 வரை கேட்கும். அதோடு எங்களுக்குக் கேட்காத தூரத்து மெல்லொலியும் அதற்குக் கேட்கும். வெடிச்சத்தத்துக்கு மிரண்டு வளவை விட்டு ஓடிக் காணாமற்போகும் நாய்கள் ஒவ்வொரு பொங்கலிலும் உண்டு, அப்படி மிரண்ட நாய் பழைய நிலைக்கு வர ஓரிரு நாள்கள் தேவை. இன்னொன்று, அந்த நாள்களில் நாய்க்கும் ஒரு பிடி சர்க்கரைப் பொங்கல் வைக்காமல் எந்த வீட்டுக்காரரும் விட மாட்டார். அதில் கிடக்கும் பிளம்ஸ், அதாவது உலர்ந்த திராட்சை, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் கேடு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றுகூடக் கொடுக்காமல் விடுவதே சரி. ஆகையால் பொங்கலுக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்தோம்.

இடத்தைப் பற்றிய வாக்குவாதம்தான் நீண்டது. முன்பள்ளி வளவு மதிலோடு இருக்கிறது, குழாய்த் தண்ணீர் இருக்கிறது, வேப்ப மர நிழல் இருக்கிறது. எல்லாரையும் அங்கே வரச் சொல்லலாம் என்பது பெரும்பான்மையின் கருத்து. அப்போது வயதில் மூத்த ஒரு விவசாயி எழுந்து, "தம்பியவை, முன்பள்ளிக்கை பிரச்சினை இல்லை. என்ரை நாய் என்ரை சைக்கிளுக்குப் பின்னாலைதான் வரும். அங்கை வந்து சேர முன்னம் எத்தினை ஒழுங்கையைத் தாண்ட வேணும்? ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு கூட்டம் நாய் நிக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சோடு என் மனதில் இருந்த திட்டம் தெளிந்தது. எங்கள் ஊர்களில் நாய்ச்சண்டை நடப்பது போகிற இடத்தில் அல்ல, போகிற வழியில். அயல் ஒழுங்கை நாய்களின் எல்லைக்குள் நுழைந்த நாய் கடிபட்டும் மிரண்டும்தான் வந்து சேரும், அதற்குப் பிறகு மதிலும் நிழலும் எதற்கு?

எனவே இரண்டு வகையாகப் பிரித்தோம். கயிற்றில் நடக்கப் பழகிய நாய்களும், ஓட்டோவிலோ லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ கொண்டுவரக்கூடிய நாய்களும் முன்பள்ளி வளவுக்கு வரலாம். மற்ற நாய்கள் வீட்டிலேயே நிற்கட்டும், படமெடுப்பவர் படலைக்குப் போகட்டும். இந்த இரண்டாவது வகையை முதலில் ஒரு சமாளிப்பாகத்தான் நினைத்தார்கள்; கடைசியில் பெரும்பாலான படங்கள் படலையடியில் எடுக்கப்பட்டவையே, நல்ல படங்களும் அவையே.

படலையடிப் படத்துக்கும் ஒரு முறை உண்டு. தன் படலையில் நிற்கும் நாய் தைரியமான நாய். அந்நியர் வந்தால் குரைக்கும், எல்லை தாண்டினால் பாயும். ஆகவே படமெடுப்பவர் படலைக்குள் காலை வைப்பதில்லை. அவர் ஒழுங்கையின் எதிர்க்கரையில் குந்திக்கொண்டு, தூர இழுக்கும் லென்ஸால் எடுப்பார். வீட்டுக்காரர் உள்ளே, நாயோடு, ஒரு வாங்கிலோ திண்ணையிலோ இருப்பார். முதல் சில நிமிடங்களுக்குக் கமெராவை எடுப்பதே இல்லை. நாய் குரைத்து முடித்து, இவர் ஒன்றும் செய்யப் போவதில்லை என்று கண்டு, வீட்டுக்காரரின் காலடியில் படுத்த பிறகுதான் வேலை தொடங்கும். சில நாய்கள் கடைசிவரை குரைப்பை நிறுத்தவில்லை. அவற்றைக் குரைக்கிறபடியே எடுத்தோம், அந்தப் படங்களைத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் அதிகமாகக் கேட்டு வாங்கினார்கள்.

முன்பள்ளி வளவில் எங்களுக்குக் கைகொடுத்தது கிடுகுத் தட்டி. நாய்களுக்கிடையே தூரம் வேண்டும் என்று எல்லா வழிகாட்டலும் சொல்லும். தூரத்தைவிட முக்கியம், ஒன்றின் முகத்தை ஒன்று காணாமல் இருப்பது. ஆளுயரத் தட்டிகளை நட்டு, உள்ளே வர ஒரு வழியும் வெளியே போக வேறொரு வழியும் அமைத்தோம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் கொடுத்து, அந்த நேரம் வரும்வரை வண்டியிலேயே இருக்கச் சொன்னோம். வரிசை என்பதே இல்லை. பருவத்துக்கு வந்த பெட்டை நாயைக் கொண்டுவர வேண்டாம் என்று முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லியிருந்தோம், ஏனெனில் ஒரு பெட்டையின் வாடைக்கு ஊர்க் கடுவன்கள் எல்லாம் மதிலடியில் கூடிவிடும். தடுப்பூசி முழுமையாகப் போட்டு முடியாத குட்டிகளுக்கும் அனுமதி இல்லை. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு கிடக்கும், எந்த நாய் எப்போது அங்கே கழிவு போட்டது என்று எவருக்கும் தெரியாது. தண்ணீர்ச் சட்டியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னோம். எல்லாம் காலை ஏழு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்தது: நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, நாக்கை நீட்டி மூச்சிளைத்துத்தான் குளிர்கிறது, அதன் வழமையான உடற்சூடே 38 பாகைக்கு மேல், 41ஐ எட்டினால் உயிருக்கு ஆபத்து. கடிக்கும் என்று பயந்து வாயைத் துணியால் கட்டி வைப்பவர்கள், அந்த நாய் இளைக்கவும் முடியாமல் வெயிலில் நிற்கிறது என்பதை யோசிப்பதில்லை. வாயைக் கட்டித்தான் கொண்டுவர வேண்டும் என்ற நாய்க்குப் படலையடிப் படம்தான்.

சோடனையில் நான் கண்டிப்பாக இருந்தேன். பலூன் இல்லை, மணி இல்லை, கம்பி வைத்துக் கட்டிய மாலை இல்லை, நெற்றியில் குங்குமம் இல்லை. குங்குமம் தண்ணீரோடு கண்ணுக்குள் இறங்கும். விரும்பினால் கழுத்தில் தளர்வாக ஒரு பருத்திச் சால்வை. பின்னணிக்குக் கோலமும் மண்பானையும் இரண்டு கரும்பும் வைத்தோம், அடுப்பு மூட்டவில்லை. நிறைகுடம் வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, நாய்க்குப் பக்கத்தில் நிறைகுடமோ என்று ஓர் அம்மம்மா முகம் சுளித்தார். வைரவருக்கு வாகனம் யார் என்று அவருடைய பேரன் திருப்பிக் கேட்டான். வன்னியில் ஆலடியிலும் வயற்கரையிலும் சூலம் நட்டு வைரவருக்கு வடைமாலை சாத்துகின்ற எங்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கடினம். ஆனாலும் பெரியவரின் மனம் கோணாமல் இருக்க நிறைகுடத்தை எடுத்துவிட்டோம். அது நல்லதாயிற்று, ஏனென்றால் வந்த முதல் கடுவனே கரும்பை மோந்து பார்த்துவிட்டுக் காலைத் தூக்கியது.

படமெடுத்தவர் பட்டணத்தில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் இளைஞர். கலியாண வீடுகளில் 'இங்கை பாருங்கோ' என்று கட்டளையிட்டுப் பழகியவர். நாயிடம் அது செல்லாது. கமெராவின் கண்ணாடி நாய்க்கு ஒரு பெரிய கண்ணாகத்தான் தெரியும், நேருக்கு நேர் உறுத்துப் பார்க்கும் கண்ணை நாய் மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். பிளாஷ் வேண்டாம், மேலே நின்று குனிந்து எடுக்க வேண்டாம், நிலத்தில் இருந்து கொஞ்சம் பக்கவாட்டாக எடுக்கலாம் என்று சொன்னதை அவர் உடனே பிடித்துக்கொண்டார். கறுப்பு நாய்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டிவைத்து எடுக்காவிட்டால் கண்ணும் மூக்கும் தெரியாமல் ஒரு நிழல்தான் மிஞ்சும் என்பதை அவரே கண்டுபிடித்தார்.

தட்டிக்குள் ஒரு நாய் வந்து நின்றதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். செந்நிறக் கடுவன், ஒரு காது கிழிந்தது. வாலைத் தாழ்த்தி வைத்திருந்தது, கால்களுக்கிடையே போகவில்லை. இருந்தவுடன் ஒரு கொட்டாவி. நித்திரைக் கொட்டாவி அல்ல அது. பிறகு ஒன்றும் தின்னாமலே மூக்கை ஒருதரம் நக்கியது, தலையை மறுபக்கம் திருப்பியது, ஆனால் கண் மட்டும் கமெராவை விட்டு அகலாததால் கண்ணின் வெள்ளை ஓரம் பிறைபோலத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், நாய் 'போஸ்' கொடுக்கிறது என்று சிரித்தார்கள். அடுத்ததாக உடம்பு விறைக்கும், வாய் மூடும், அதற்கடுத்தது பல். "அண்ணை, எழும்பி ஒருக்கா வெளியிலை நடந்திட்டு வாங்கோ" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேப்பமரத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, ஒரு தரம் உடம்பை உதறிவிட்டு வந்த நாய் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டபடி இருந்தது, படம் வந்தது. உதறாமல் வந்திருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். அப்படி அனுப்பிய நாய்களும் உண்டு, அவற்றின் வீட்டுக்காரர் ஓரிருவர் கோபித்துக்கொண்டதும் உண்டு. குரைக்கிற நாய் கடிக்காது என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த எங்களுக்கு, குரைக்காமல் விறைத்து நிற்கும் நாயைப் பற்றி ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இனி விசர்நோய். இதில் சலுகைக்கு இடமில்லை. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலைத்திட்டம் பரவப் பரவ அந்தத் தொகை ஆண்டுக்குச் சில பத்துப் பேராக இறங்கியது. நோய்க்குறி தோன்றிய பிறகு காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லாத நோய் அது. எனவே தடுப்பூசி அட்டைதான் எங்கள் நுழைவுச்சீட்டு, அதுவும் ஒரு மாதத்துக்கு முன்னராவது போட்ட ஊசியாக இருக்க வேண்டும். வாசலிலேயே ஊசி போட்டால் ஆட்கள் கூட வருவார்கள் என்று யோசனை சொன்னவர்கள், முதன்முதல் ஊசி போட்ட நாய்க்குப் போதிய எதிர்ப்புச் சக்தி உண்டாகச் சில கிழமைகள் செல்லும் என்பதை மறந்துவிட்டார்கள். கார்த்திகை மாதத்திலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு பேசி, அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசிக்கு ஒழுங்கு செய்தோம். ஒரு பிரதேசத்து நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போடப்பட்டால் நோய்ப்பரவல் அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. படம் எடுக்கும் ஆசையில் அட்டை எடுத்தவர்களால் எங்கள் பக்கம் அந்தக் கணக்குக்குச் சிறிது கிட்டப் போயிருக்கும் என்று நம்புகிறேன். படத்தை விட அது பெரிய வரவு.

அப்படியிருந்தும் ஒரு கடி விழலாம் என்று எண்ணியே ஆயத்தம் செய்ய வேண்டும். குழாயடியில் சவர்க்காரமும், அருகே ஒருவரின் காவலும், வைத்தியசாலைக்குப் போக ஒரு வாகனமும் இருந்தன. கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவது முதல் வேலை. கோப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் அதில் படக் கூடாது. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும், நாயைக் கட்டி வைத்து அவதானிக்க வேண்டும், கொல்லக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக் கால ஊசிகளுக்குப் பயந்து கடியை மறைக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது அது கையில் போடும் ஊசி என்பதை ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னோம்.

வன்னிக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முகமாலை போன்ற இடங்களில் மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்தது. கயிறறுத்த நாய் தலையோட்டுப் பலகை நட்ட பற்றைக்குள் ஓடினால் எவரும் பின்னால் ஓடக் கூடாது. எங்கள் வளவைச் சுற்றி அப்படிப்பட்ட நிலம் இல்லை என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே நாளைக் குறித்தோம்.

இந்த வேலையில் நாய் பாதி, ஆள் பாதி. 2009இல் கிளிநொச்சியிலிருந்து கிழக்கே போகப்போக ஒவ்வொரு பொருளாக விட்டுவிட்டு நடந்த சனத்தின் கையில் படங்கள் மிஞ்சவில்லை. பெற்றவரின் முகத்தை அடையாள அட்டைப் பிரதியில் மட்டும் வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. நாய்களையும் அப்படித்தான் விட்டுவிட்டு வந்தோம். ஆகவே, வெறும் நாய்ப்படம் என்று நாங்கள் போன இடத்தில், நல்ல சேலை உடுத்து, தலை வாரி, பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நின்றார்கள். நாயை மடியில் வைத்துக்கொண்டு, இதற்குள் தானும் வடிவாக விழுந்திருக்கிறேனா என்று ஒரு தாய் கேட்டார். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் நாய் இல்லாத குடும்பப் படம் ஒன்றையும் சேர்த்து எடுத்தோம்.

அதே காரணத்தால் படங்களைப் பற்றிய கட்டுப்பாடும் வேண்டியிருந்தது. கேட்காமல் முகநூலில் போடுவதில்லை. தனியாக வாழும் பெண்களின் தொலைபேசி இலக்கங்கள் குழுவில் சுற்றாமல் இருக்க, அச்சிட்ட படத்தை நாங்களே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

காசு விடயத்தில் ஊருக்கு ஒரு விலை, வெளிநாட்டுக்கு ஒரு விலை என்று வைத்தோம். ஊரவருக்குக் கட்டணம் இல்லை, மூடிய உண்டியல் மட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. தாயோ மாமியோ நாயோடு நிற்கும் படத்தை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து கேட்பவர்களுக்கு நிச்சயித்த விலை, பற்றுச்சீட்டோடு. உண்டியலை மூன்று பேர் முன்னிலையில் உடைத்து, கணக்கை நிலைய அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். அச்சுக்கூலி போக மீதியை விசர்நோய்த் தடுப்பூசிக்குச் செலவிடுவதில்லை என்று முன்னரே முடிவு. அரசாங்கம் இலவசமாகத் தருவதற்கு நாங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. முழுவதும் பெட்டை நாய்களின் கருத்தடைக்கு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் இந்த நாட்டில் 2006இல் நிறுத்தப்பட்ட பிறகு, தொகையைக் குறைக்க மிஞ்சியிருக்கும் வழி அதுதான். ஒரு பெட்டை ஆண்டுக்கு இரண்டு தரம் பருவத்துக்கு வரும், அறுபத்துமூன்று நாளில் குட்டி போடும்.

சத்திரசிகிச்சைக்கு மிருக வைத்தியர் நாள் தந்திருக்கிறார். தைக்கப்பட்ட காயம் ஆறப் பத்து நாளாவது நாயை நனையாத, மண் ஒட்டாத, அடைப்பான ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். வீடில்லாத நாய்க்கு அந்த இடம் எங்களிடம் இல்லை. கோழிக்கூடோ மாட்டுக்கொட்டிலோ வெறுமையாகக் கிடப்பவர்கள், சீமெந்துத் தரையாக இருந்தால் மிக நல்லது, நிலையத்தில் பெயரைப் பதிந்து விடுங்கள். சாப்பாட்டுச் செலவு எங்களுடையது.